‘அனைவரும் வருக’ என்று எழுதினால் போதுமா? தேவாலய வாசலில் சாதியின் வரலாறு

விழுப்புரத்திலிருந்து செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் போகிற சாலைகளில் எத்தனையோ தேவாலயங்கள் இருக்கின்றன. பல வாசல்களில் ‘அனைவரும் வருக’ என்று எழுதியிருக்கிறது. புதிதாக வருகிறவர்களை எப்படி வரவேற்பது, எப்படித் தக்கவைப்பது என்று பங்குகளிலும் சபைகளிலும் இப்போது பயிற்சிகள்கூட நடக்கின்றன. வாசலில் நின்று கைகுலுக்க வேண்டும், பெயரைக் கேட்க வேண்டும், பக்கத்தில் உட்கார வைக்க வேண்டும் என்றெல்லாம் சொல்லித் தருகிறார்கள்.

நல்ல விஷயம்தான். ஆனால் பெயரைக் கேட்ட பிறகு “எந்தத் தெரு?” என்று கேட்பார்களே, அந்தக் கேள்விக்கு எந்தப் பயிற்சியிலும் இடமில்லை. நம் பகுதியில் தெருவைக் கேட்பது சாதியைக் கேட்பதுதான். தமிழ்நாட்டுத் தேவாலயங்களில் புதிதாக வந்தவர்களில் மிகப் பெரும்பான்மையினர் யார்? சேரியிலிருந்து வந்த நம் பாட்டன்கள், பாட்டிகள். அவர்களை அந்த வாசல் எப்படி வரவேற்றது என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி. பனமலைக்கு வருகிறவர்கள் மலைமேல் ராஜசிம்ம பல்லவன் கட்டிய தாளகிரீசுவரர் கோயிலையும் அதன் ஓவியத்தையும் பார்த்துவிட்டுப் போகிறார்கள். இந்த மண்ணில் கல்வெட்டில் ஏறாத வரலாறும் நிறைய இருக்கிறது. மாணவர்களாகவும் களத்தில் நிற்பவர்களாகவும் இருக்கிற நம் தோழர்கள் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இரண்டு வகைச் சாமியார்கள்

இத்தாலியரான இராபர்ட் தெ நொபிலி 1606இல் மதுரைக்கு வந்தார். உயர்சாதியினரைக் கவர வேண்டும் என்றால் சந்நியாசியைப்போல வாழ வேண்டும் என்று முடிவெடுத்தார். காவி உடுத்தினார், மரக்கறி மட்டும் உண்டார், தமிழும் வடமொழியும் கற்றார். அவருடைய தமிழ்த் தொண்டைப் பாடநூல்கள் பாராட்டுகின்றன. ஆனால் உயர்சாதியினருக்குக் கதவு திறக்க அவர் கொடுத்த விலையைப் பாடநூல்கள் சொல்வதில்லை. பரவர்கள் வழிபட்ட பழைய கோயிலிலிருந்து அவர் தன்னைப் பிரித்துக்கொண்டார். ஒடுக்கப்பட்டவர்களோடு கலந்து பழகும் குருவிடம் உயர்சாதியினர் வரமாட்டார்கள் என்பதே அவர் காரணம்.

விளைவு என்ன? 1640 முதல் பண்டாரசாமிகள் என்ற இன்னொரு வகைக் குருக்கள் உருவானார்கள். ஒடுக்கப்பட்ட சாதிகளுக்கும் ஊழியம் செய்ய ஒரு வகைக் குரு, உயர்சாதியினருக்கு இன்னொரு வகைக் குரு. புதிதாக வருகிறவனின் சாதியைப் பார்த்து அவனை வரவேற்க வேண்டிய ஆள் யார் என்று முடிவு செய்கிற ஏற்பாடு இது.

உரோமைக்கு இது தெரியாமல் இல்லை. போப்பின் தூதர் தூர்னோன் 1704இல் புதுச்சேரியில் வெளியிட்ட ஆணையில், நோயுற்ற பறையர்களின் வீட்டுக்குள் சென்றே குருக்கள் அருட்சாதனம் வழங்க வேண்டும் என்று சொல்லியிருந்தார். அந்த ஆணை எதற்குத் தேவைப்பட்டது என்று யோசியுங்கள். சாகக் கிடக்கிறவனின் குடிசைக்குள் குரு நுழையவில்லை. நோயாளியை வெளியே தூக்கி வர வேண்டியிருந்தது. நாற்பது ஆண்டுகள் வாதப் பிரதிவாதங்கள் நடந்தன. 1744இல் போப் பதினான்காம் பெனடிக்ட் இறுதி ஆணை பிறப்பித்தார். பறையர் வீட்டுக்குள் போக வேண்டும் என்பது உறுதியானது. ஆனால் அதற்கென்று தனிக் குருக்களை நியமித்துக்கொள்கிறோம் என்ற இயேசு சபையாரின் யோசனையும் அதோடு ஏற்கப்பட்டது. ஒரே ஆணையில் தீண்டாமைக்குக் கண்டனமும் இருந்தது, தனி ஏற்பாடும் இருந்தது.

1745: புதுச்சேரியில் விழுந்த சுவர்

அடுத்த ஆண்டே புதுச்சேரியில் ஒரு சம்பவம் நடந்தது. டூப்ளேயின் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் 1745 அக்டோபரில் இதைப் பதிவு செய்திருக்கிறார். அவர் நம் ஆள் இல்லை. நம் மக்கள்மேல் பரிவு கொண்டு எழுதவும் இல்லை. அதனாலேயே அந்தப் பதிவுக்கு மதிப்பு கூடுகிறது.

சம்பாக் கோயில் என்று மக்கள் அழைத்த தேவாலயத்துக்குள் ஒரு சுவர் இருந்தது. ஒருபுறம் பறையர் கிறிஸ்தவர்கள், மறுபுறம் சாதிக் கிறிஸ்தவர்களும் ஐரோப்பியரும் கலப்பினத்தாரும். காரைக்காலிலிருந்து வந்த ஒரு பாதிரியார் இதைப் பார்த்துவிட்டு நம் மக்களிடம் பேசியிருக்கிறார். அதன்பின் பறைச்சேரியிலிருந்தும் மற்ற சேரிகளிலிருந்தும் மக்கள் திரண்டு தலைமைப் பாதிரியாரிடம் போனார்கள். நாங்களும் உங்கள் சீடர்கள்தான் என்றால் எல்லாரையும் ஒரே மாதிரி நடத்த வேண்டாமா, கடவுள் வேறுபாடு பார்க்கவில்லையே, சாதிக்காரர்கள் கேட்டார்கள் என்பதற்காக எங்களை ஒதுக்கினீர்களே, இதற்கு விளக்கம் வேண்டும் என்று கேட்டார்கள். பாதிரியாரால் மறுத்துப் பேச முடியவில்லை. சுவரை இடிக்கச் சொன்னார். அன்று மாலை வழிபாட்டில் எல்லாரும் கலந்து நின்றார்கள்.

பிறகு நடந்ததையும் பிள்ளை எழுதியிருக்கிறார். செல்வாக்குள்ள முதலியார் குடும்பத்துக் கிறிஸ்தவர்கள் கொதித்தெழுந்தார்கள். கோயிலில் பாதிரியாரோடு வாக்குவாதம் முற்றியது. விஷயம் ஆளுநர் வரை போனது.

இந்தச் சம்பவத்தில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சமத்துவம் கேட்கும் அறிவு நமக்கு இருபதாம் நூற்றாண்டில் வெளியிலிருந்து வந்தது என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அம்பேத்கர் பிறப்பதற்கு நூற்று நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பே, எழுதப் படிக்க வாய்ப்பில்லாத மக்கள், கூட்டமாகப் போய், உன் வேதத்தின்படியே நீ நடக்கவில்லையே என்று குருவிடம் கேட்டிருக்கிறார்கள். ஒரு பாதிரியார் தூண்டினார் என்று பிள்ளை எழுதுகிறார். இருக்கட்டும். ஆனால் சேரி சேரியாகத் திரண்டு போனவர்கள் அவர்கள்தான்.

சீர்திருத்தத் திருச்சபையும் விலக்கல்ல

கத்தோலிக்கத்தில்தான் இப்படி, நம் சபையில் இல்லை என்று சில தோழர்கள் சொல்வார்கள். 1706இல் சீகன்பால்கு தரங்கம்பாடிக்கு வந்து லுத்தரன் சபையைத் தொடங்கினார். தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டார். அங்கேயும் இருக்கை தனித்தனியாகத்தான் இருந்தது.

இராஜநாயக்கன் கதையை ஒவ்வொரு மாணவரும் தெரிந்துகொள்ள வேண்டும். தஞ்சை மன்னரின் படையில் சேர்வைக்காரராக இருந்தவர், பறையர் சமூகத்தவர், பிறப்பால் கத்தோலிக்கர். அச்சில் வந்த தமிழ் வேதப் பகுதிகள் கையில் கிடைத்தன. தானே படித்தார், தானே தேடிக்கொண்டு லுத்தரன் சபைக்கு வந்தார். உபதேசியாராகத் தஞ்சைப் பகுதியில் அடி உதைகளுக்கு நடுவே உழைத்தார். புதிதாக வந்தவர் என்றால் இவரைப்போல ஒருவர்தான் வர வேண்டும் என்று எந்தச் சபையும் ஆசைப்படும்.

1733இல் ஆரோன் என்ற வெள்ளாளர் முதல் தமிழ்க் குருவாக அபிஷேகம் பெற்றார். அடுத்த குருவைத் தேர்ந்தெடுக்கும் நேரம் வந்தபோது இராஜநாயக்கனின் பெயர் எழுந்தது. மிஷனரிகள் அவரைப் பாராட்டினார்கள், ஆனால் தேர்ந்தெடுக்கவில்லை. அவர் கையால் உயர்சாதியார் நற்கருணை வாங்கமாட்டார்கள் என்பது அவர்கள் தயக்கம். 1741இல் தியோகு குருவானார். இராஜநாயக்கன் கடைசி வரை உபதேசியாராகவே இருந்தார். உள்ளே வரலாம், உழைக்கலாம், பீடத்தில் மட்டும் நிற்கக் கூடாது. இந்த வரம்பு இன்றும் எத்தனை இடங்களில் நீடிக்கிறது என்று உங்களுக்கே தெரியும்.

1833இல் கல்கத்தாவின் ஆங்கிலிக்கன் பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதியை உடனடியாகக் கைவிட வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் உயர்சாதிக் கிறிஸ்தவர்கள் எதிர்த்தார்கள். பலர் சபையை விட்டே வெளியேறினார்கள். பின்னால் வந்த லைப்சிக் லுத்தரன் மிஷன் சாதியைப் பொறுத்துக்கொண்டதால் அங்கே போய்ச் சேர்ந்தவர்களும் உண்டு. நம்மோடு ஒரே கிண்ணத்தில் பருகுவதைவிட, சபையையே மாற்றிக்கொள்வது அவர்களுக்கு எளிதாக இருந்தது.

பஞ்ச காலத்தில் வந்தவர்கள்

நம் பகுதியின் பெரும்பாலான தலித் கிறிஸ்தவக் குடும்பங்களின் கதை 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தொடங்குகிறது. 1876 முதல் 1878 வரை தாது வருடப் பஞ்சம். கூலிக்காரர்களும் பண்ணையாட்களும்தான் முதலில் செத்தார்கள். செஞ்சிக்கு வடக்கே சேத்துப்பட்டில் பணியாற்றிய பிரெஞ்சுக் குரு தாராஸ், ஆயிரக்கணக்கானோருக்குத் திருமுழுக்குக் கொடுத்தார். அமெரிக்க ஆற்காடு மிஷனும் திண்டிவனம் வரை பரவியிருந்தது. அது சாதியைச் சபைக்குள் அனுமதிப்பதில்லை என்ற கொள்கை கொண்டது.

அப்படி வந்தவர்களைச் ‘சோற்றுக்காக மாறியவர்கள்’ என்று இன்றுவரை ஏளனம் செய்கிறார்கள். இந்துத்துவவாதிகள் மட்டுமல்ல, பழைய கிறிஸ்தவக் குடும்பங்களும் செய்கின்றன. நாம் இதற்கு வெட்கப்பட ஒன்றுமில்லை. பட்டினி கிடக்கிற குழந்தைக்குக் கஞ்சி ஊற்றுகிற இடத்தைத் தேடிப் போவதில் என்ன குற்றம்? சோறு கொடுக்காத ஊர்தான் வெட்கப்பட வேண்டும். மேலும், அவர்கள் சோற்றை மட்டும் கேட்கவில்லை. பள்ளிக்கூடம் கேட்டார்கள், மணியக்காரன் முன் தங்களுக்காகப் பேச ஒரு ஆளைக் கேட்டார்கள், நிலம் கேட்டார்கள்.

சில மிஷனரிகள் அந்தக் கேள்வியைக் காதில் வாங்கினார்கள் என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். செங்கல்பட்டில் ஆதாம் ஆண்ட்ரூ, வில்லியம் கௌடி போன்றோர் பறையர்களுக்கு நிலம் கிடைக்காமல் மிராசுதார்கள் எப்படித் தடுக்கிறார்கள் என்று தொடர்ந்து எழுதினார்கள். ஆட்சியர் திரெமென்ஹீர் 1891இல் தந்த அறிக்கையும், 1892இல் பஞ்சமி நிலத்துக்கு வழிவகுத்த அரசாணையும் இந்தச் சூழலில் வந்தவை. வரவேற்பு என்றால் இதையும் சொல்லலாம். வாசலில் கைகுலுக்குவதோடு நிற்காமல், வந்தவனின் வயல் பிரச்சினை வரை கூடப் போவது.

வடக்கன்குளத்திலிருந்து எறையூர் வரை

கட்டடமே சாதியைச் சொன்ன இடம் நெல்லைச் சீமையின் வடக்கன்குளம். 1872இல் அங்கே கட்டிய தேவாலயத்துக்குப் பீடம் ஒன்று, கூடங்கள் இரண்டு. கால்சட்டையின் இரு கால்களைப்போல விரிந்த கட்டடம். வெள்ளாளர் ஒரு பக்கம், நாடார் ஒரு பக்கம். ஒருவரை ஒருவர் பார்க்காமலே ஒரே பூசையைக் காணலாம். 1910இல் பங்குக் குரு கௌசானல் நடுவிலிருந்த சுவரை இடித்தார். வெள்ளாளர் தரப்பு வழக்குப் போட்டது. அது சென்னை உயர்நீதிமன்றம் வரை போனது. தேவாலயத்துக்குள் சாதிப் பிரிவினையை உரிமையாகக் கேட்க முடியாது என்று தீர்ப்பு வந்தது.

இது நடந்து ஏறக்குறைய நூறு ஆண்டுகள் கழித்து, நம் மாவட்டத்தில் எறையூர். உளுந்தூர்பேட்டை வட்டத்திலுள்ள அந்த ஊர் அப்போது விழுப்புரம் மாவட்டத்தில் இருந்தது, இன்று கள்ளக்குறிச்சி மாவட்டம். வன்னியக் கிறிஸ்தவர்களும் தலித் கிறிஸ்தவர்களும் வாழும் பழமையான பங்கு. செபமாலை மாதா கோயிலுக்குப் போகும் முதன்மைத் தெரு வழியாகத் தலித்துகள் தங்கள் சவ ஊர்வலத்தைக் கொண்டுபோக முடியாது. சவ வண்டி தனி. கல்லறைத் தோட்டம் தனி. பொறுத்துப் பொறுத்துப் பார்த்த தலித் மக்கள் சகாய மாதா பெயரில் தங்களுக்கென்று ஒரு கோயிலை எழுப்பிக்கொண்டார்கள். அதைத் தனிப் பங்காக அறிவித்துக் குருவை அனுப்புங்கள் என்று மறைமாவட்டத்திடம் கேட்டார்கள்.

2008 மார்ச் மாதம் உண்ணாவிரதம் தொடங்கினார்கள். மார்ச் 9 அன்று தலித் வீடுகள் தாக்கப்பட்டன. காவல்துறை துப்பாக்கிச் சூடு நடத்தியது. இருவர் இறந்தார்கள், இருவரும் வன்னியக் கிறிஸ்தவர்கள். அவர்கள் வீட்டுத் தாய்மார்களின் கண்ணீரும் கண்ணீர்தான். சாதியைக் காப்பாற்றத் தெருவுக்கு அனுப்பப்பட்ட ஏழைப் பிள்ளைகளின் உயிரையும் சாதிதான் குடித்தது.

தனிப் பங்கு கேட்பது பிரிவினை இல்லையா என்று அப்போது பலர் கேட்டார்கள். இந்தக் கேள்வி புதிதல்ல. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவின் பிலடெல்பியாவில், மெதடிஸ்ட் தேவாலயத்தில் முழங்காலிட்டு ஜெபித்துக்கொண்டிருந்த கறுப்பின மக்களை, உங்களுக்கு இது இடமில்லை என்று எழுப்பினார்கள். ரிச்சர்ட் ஆலனும் அப்சலோம் ஜோன்சும் தம் மக்களோடு வெளியேறினார்கள். ஆலன் 1794இல் தொடங்கிய பெத்தேல் ஆலயம் பின்னர் ஒரு தனித் திருச்சபையாகவே வளர்ந்தது. கேரளத்தில் பொய்கையில் யோகன்னான் மார்த்தோமா சபையை விட்டு வெளியேறித் தனி இயக்கம் கண்டார். தள்ளிவைத்தவர்கள் கட்டும் சுவரும், தள்ளிவைக்கப்பட்டவர்கள் கட்டும் கூரையும் ஒன்றல்ல.

சட்டத்தின் இரட்டைப் பூட்டு

1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, இந்துக்களை மட்டுமே பட்டியல் சாதியினராக ஏற்றது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவர்களும் இசுலாமியரும் இன்றும் வெளியே. தமிழ்நாட்டில் தலித் கிறிஸ்தவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார்கள்.

சென்னையில் செருப்புத் தைக்கும் தொழிலாளி சூசை, தம்மைப் போன்ற தொழிலாளர்களுக்கு அரசு கொடுத்த இலவசப் பெட்டிக்கடை, கிறிஸ்தவர் என்பதால் தமக்கு மறுக்கப்பட்டதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனார். மதம் மாறிய பிறகும் சாதி தொடர்கிறது என்று காட்டினால் மட்டும் போதாது, புதிய மதத்திலும் அதே அளவு ஒடுக்குமுறை இருப்பதை நிறுவ வேண்டும் என்று 1985இல் நீதிமன்றம் சொல்லிவிட்டது. கிறிஸ்தவத்தில் சாதி இல்லை என்று அரசு சொல்கிறது, தேவாலயத்திலோ கல்லறைக்குக்கூடச் சாதி இருக்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவே நம் மக்கள் நிற்கிறார்கள். ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இல் மத அடிப்படையிலான விலக்கை நீக்கப் பரிந்துரைத்தது. 2022இல் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையத்தை அமைத்தார்கள்.

திருச்சபையும் பேசாமல் இல்லை. போப் இரண்டாம் ஜான் பால் 2003இல் தமிழக ஆயர்களிடம் சாதிப் பாகுபாட்டைக் கண்டித்துப் பேசினார். இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016 டிசம்பரில் தலித் மேம்பாட்டுக் கொள்கையை வெளியிட்டு, தீண்டாமை திருச்சபைக்குள் இருப்பதை ஒப்புக்கொண்டது. 1704, 1744, 1833, 2003, 2016 என்று கண்டனங்களின் பட்டியல் நீளமானது. ஆனால் ஆணை வந்ததால் மட்டும் எந்த ஊரிலும் சுவர் விழுந்துவிடவில்லை. 1745இல் மக்கள் திரண்டு போய்க் கேட்ட பிறகுதான் விழுந்தது.

இது தேவாலயத்துக்கு மட்டும் உள்ள நோய் என்று யாரும் குதூகலிக்க வேண்டாம். விழுப்புரம் அருகே மேல்பாதியில் திரௌபதி அம்மன் கோயிலுக்குள் தலித் இளைஞர்கள் நுழைந்ததற்காக நடந்த மோதலும், 2023இல் அந்தக் கோயிலுக்குப் பூட்டுப் போட்டதும் நம் கண்முன்னே நடந்தவை. சாதி எந்தச் சாமியையும் விட்டுவைக்கவில்லை.

உங்கள் ஊரில் கேட்க வேண்டியவை

வரலாற்றைப் படித்துவிட்டு மூடிவைக்க நாம் இதை எழுதவில்லை. ஒரு தேவாலயம் புதியவர்களை வரவேற்கிறதா என்று அறிய, வாசல் பலகையைப் பார்க்க வேண்டாம். இந்தக் கேள்விகளைக் கேளுங்கள்.

1. கல்லறைத் தோட்டம் ஒன்றா, இரண்டா? ஒன்றே என்றால் உள்ளே தடுப்பு உண்டா? திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு எதிராகப் போராட வேண்டியிருந்ததை மறக்காதீர்கள்.

2. திருவிழாவுக்குக் காலனியில் வரி வாங்குகிறார்களா? பணம் வேண்டாம் என்பது சலுகை அல்ல. வரி கொடுத்தவனுக்கு உரிமை வந்துவிடும் என்பதால்தான் வாங்க மறுக்கிறார்கள்.

3. தேர்பவனி எந்தத் தெருவரை வருகிறது, எங்கே திரும்பிவிடுகிறது?

4. பங்குப் பேரவையில், வாசகம் வாசிப்பவர்களில், பாடகர் குழுவில், பீடச் சிறுவர்களில் எல்லாத் தெருப் பிள்ளைகளும் இருக்கிறார்களா?

5. மறைமாவட்டமோ சபையோ நடத்தும் பள்ளி, கல்லூரி, மருத்துவமனைகளில் வேலை யாருக்குக் கிடைக்கிறது?

விடைகளைத் தேதியோடு எழுதி வையுங்கள், படம் எடுத்து வையுங்கள். பட்டியல் சாதியினராக ஏற்கப்படாததால் தலித் கிறிஸ்தவர்களுக்கு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பு கிடைப்பதில்லை. ஆனால் தீண்டாமையை ஒழித்த அரசியலமைப்பின் 17ஆவது பிரிவு மதம் பார்ப்பதில்லை. 1955ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், ஒரே மதத்தைச் சேர்ந்த மற்றவர்களுக்குத் திறந்திருக்கும் வழிபாட்டிடத்தில் தீண்டாமையின் பேரால் யாரையும் தடுப்பதைக் குற்றம் என்கிறது. இந்தச் சட்டத்தை நம் தோழர்கள் அதிகம் பயன்படுத்துவதில்லை. படியுங்கள், பயன்படுத்துங்கள்.

முதலில் எழுத்துபூர்வமாகப் பங்குத்தந்தையிடமோ போதகரிடமோ கேளுங்கள். ஒருவராகப் போகாதீர்கள், பத்துப் பேராகப் போங்கள், பெண்களை முன்னால் வைத்துக்கொள்ளுங்கள். புதுச்சேரியில் நம் முன்னோர் போனதும் தனித்தனியாக அல்ல, சேரி சேரியாகத்தான்.